என் குரலில் வந்த மாப் வண்டி

பேருந்தில் என் நிறுத்தம் வந்தும் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தோடு இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக பேக்கிங் வேலை. அங்கே பேச வேண்டிய தேவை இல்லை. அட்டைப்பெட்டிகள் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. நான் பத்தாவதோடு நிறுத்தியதற்குக்கூட, பதினொன்றாவது சேர வேண்டுமென்றால் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்பதுதான் பாதிக் காரணம்.

அப்படிப்பட்ட என்னுடைய குரல் மேனாம்பேட்டில் ஏழெட்டுத் தெருக்களுக்கு நன்றாகத் தெரியும். ஆளைத் தெரியாது, குரலைத் தெரியும். அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாமாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி வேலைக்குப் போக முடியாமல் போனதும், வீட்டில் ஒரு பெரிய கிரைண்டரை இறக்கி இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தாள். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டியின் பின்னால் இரண்டு ஸ்டீல் டிரம் வைத்து, தானே ஓட்டிக்கொண்டு மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவாள். ஜனங்கள் டப்பாவோ தூக்கோ எடுத்து வந்து அளந்து வாங்கிப் போவார்கள். அன்றைய மாவு அன்றைக்கே தீர வேண்டும். மீந்தால் புளித்துவிடும். புளித்ததை வேறு யார் சாப்பிடுவது, நாங்கள்தான்.

வண்டியில் ஒரு ஸ்பீக்கர் கட்டினாள். அதில் போடுவதற்குப் பேச்சு வேண்டும்.

"நீ பேசிக் குடுறா," என்றாள்.

"நானா? நீயே பேசேன்க்கா."

"என் கொரலு சண்டைக்கு வர்ற மாறி கீது. மாவு வாங்க வரமாட்டாங்க, போலீஸ கூப்புடுவாங்க. உன்னுதுதான் சாந்தமா இருக்கும். பேசுனாத்தான் தெரியும், நீ பேசறதே இல்ல."

அந்தப் பேச்சை நான்கு நாள் டீ இடைவேளையில் அட்டைப்பெட்டி மேல் எழுதி எழுதி அடித்தேன். பதிவு செய்வது இன்னும் சிரமமாக இருந்தது. யாராவது பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. யாரும் பார்க்காவிட்டாலும், வாசலில் நின்று கேட்கிறார்கள் என்று தெரிந்தால் வராது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் திருவேற்காடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினேன்.

"அம்மா, அக்கா, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு அரைச்ச மாவு இன்னிக்கே வந்திருக்கு. இன்னிக்கு இட்லி, நாளைக்கு தோசை. அவசரமே இல்ல. அடுப்பைச் சின்னதா வெச்சிட்டு வாங்க. நாங்க நிக்கிறோம்."

கடைசி வரிக்கு முன்னால் எச்சில் விழுங்கி லேசாகச் செருமினேன். எத்தனை தடவை பதிவு செய்தும் அந்தச் செருமல் போகவில்லை, விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி இரண்டு வரி சும்மா அழகுக்காக எழுதியது இல்லை. அக்கா வியாபாரம் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு பெண்மணி வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வர, அடுப்பில் வைத்த பால் பொங்கிப் பாத்திரம் கருகிப் போயிற்று. அக்காவுக்கு அது மனதில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தெருவிலும் கடைசி ஆள் வரும்வரை வண்டியை எடுக்க மாட்டாள். மூன்றாவது மாடியிலிருந்து முழங்கால் வலியோடு ஒரு கோயம்புத்தூர் அம்மா இறங்கி வருவார். அவர் மகன் ஐ.டி.யில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு படியாக அவர் இறங்கி முடிக்கும்வரை அக்கா நிற்பாள்.

தெருவில் வண்டிக் குரல்களை யாரும் வார்த்தை வார்த்தையாகக் கேட்பதில்லை. கேட்டால் வீட்டு வேலை நடக்காது. உப்பு வண்டிக்கு ஒரு இழுவை, பழைய இரும்புக்காரருக்கு ஒரு கரகரப்பு. முதல் சொல்லிலேயே கை தானாக எதை எடுக்க வேண்டுமோ அதை எடுத்துவிடும். என் குரல் "அம்மா" என்றதும் எங்கள் பகுதியில் கைகள் மாவு டப்பாவுக்குப் போகப் பழகியிருந்தன. ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓடியது.

போன வருடம் எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாள். மாலை நான்கரை மணி இருக்கும். நான் கட்டிலில் படுத்திருந்தேன். தெருமுனையில் என் குரல் கேட்டது.

"உங்க அக்கா இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டாங்க," என்று மனைவி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். நானும் வாசலுக்கு வந்து, மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பெண்கள் கையில் டப்பாவோடு நின்றார்கள். வண்டி நிறைய தரை துடைக்கும் மாப்.

வண்டிக்காரர் குழம்பிப் போயிருந்தார். "இன்னாக்கா, எல்லாரும் டப்பா எட்த்துகினு வந்துகிறீங்க? மாப்பு லூஸ்ல குட்க்கறது இல்லக்கா."

"மாவு இல்லியா?" என்றது ஒரு குரல்.

"மாவா? மாப்புக்கா, மாப்பு. பக்கெட்டோட வரும்."

ஸ்பீக்கர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. "அம்மா, அக்கா, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். சுழலும் மாப் உங்கள் வாசல் தேடி வந்திருக்கு. குனிய வேண்டாம், பிழிய வேண்டாம். அவசரமே இல்ல. அடுப்பைச் சின்னதா வெச்சிட்டு வாங்க." பிறகு ஒரு செருமல். "நாங்க நிக்கிறோம்."

நான் வாழ்க்கையில் மாப் என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னதே கிடையாது. ஆனால் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் என்னைவிட நன்றாக. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திருடியவன் வெளியே நிற்க, திருட்டுக் கொடுத்தவன் ஒளிந்துகொண்டது அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

அரை மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். ஸ்பீக்கர் பேசிற்று. ஒருவரும் வெளியே வரவில்லை. மாப் வண்டி இன்னொரு சுற்று வருகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்துக்குள் என் குரல் எங்கும் பரவிவிட்டது. கொசுவலை விற்றேன். தலையணைக்குப் பஞ்சு அடைத்தேன். தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தேன். கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் ஒருவருக்காகப் பேசியதுதான் உச்சம். "பழுதான அடுப்புகளைக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "அடுப்பைச் சின்னதா வெச்சிட்டு வாங்க" என்றேன்.

அக்காவின் டிரம்மில் மாவு மீந்தது. முதல் வாரம் கால் டிரம், அப்புறம் அரை. எங்கள் வீட்டிலும் அவள் வீட்டிலும் காலையில் ஊத்தப்பம், மதியம் பணியாரம், இரவில் மறுபடி ஊத்தப்பம். கம்பெனியில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "மாமே, இன்னிக்கும் அதுவா?" என்று கேட்கும் நிலை வந்தது. ஊத்தப்பத்தை எப்படியோ விழுங்கிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையைத்தான் விழுங்க முடியவில்லை.

"டேய், எனக்குத் தெரியாம மாப்புக்காரனுக்குப் பேசிக் குட்த்தியா?"

"இல்லக்கா."

"அந்தச் செருமல் உன்னுதுடா. நம்ம அப்பா செருமல். அத நான் வேற யாராண்ட போயி கேப்பேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குற்றம் செய்தவன் மாதிரி நிற்பது எனக்குப் பிறவியிலேயே வந்தது. அக்கா அன்றைக்கு நம்பினாளோ என்னவோ. மறுநாள் தெருவில் மாப் வண்டியை மறித்து நிறுத்தி விசாரித்தாள். அந்த மனிதர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மொபைல் கடை இருக்கிறது, என்ன விற்கிறோம் என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டரே எழுதி கம்ப்யூட்டரே பேசிக் கொடுத்துவிடும். நாலைந்து குரல் உண்டு. இந்தக் குரல்தான் நன்றாகப் போகிறது. அதற்கு அங்கே ஒரு பெயரும் உண்டு: குடும்பப் பாங்கான ஆண் குரல்.

அக்கா என் கையைப் பிடித்து அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை, மரியாதையாக ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"இவன் கொரல நீ எட்த்துகினு கீற," என்றாள் அக்கா.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாரா? அப்டியா சார்? எங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க."

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்தேன். "ஆங்" என்று ஒரு சத்தம் வந்தது.

"இது அது இல்லக்கா," என்றார் கடைக்காரர், வருத்தமாக.

"அவன் இங்க பேச மாட்டான். பாத்ரூம்ல வுட்டு கதவ சாத்துனா பேசுவான்."

கடை முழுக்கச் சிரித்தது. நான் செல்போன் உறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் அக்கா தன் போனில் இருந்த என் பதிவைப் போட்டாள். அவர் தன் கம்ப்யூட்டரில் மாப் விளம்பரத்தைப் போட்டார். இரண்டு செருமலும் ஒன்றாக விழுந்தன. அவர் முகம் மாறிவிட்டது.

"சரிக்கா, இதான் மேட்டரு. நான் ரோட்ல வர்ற வண்டிங்க சத்தம் எல்லாத்தையும் போன்ல புட்ச்சேன். ஆறு மாசம் புட்ச்சேன். எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல போட்டேன். அது கேட்டு கேட்டு கத்துக்கிச்சு. நான் யாராண்டயும் திருடலக்கா. ரோட்ல போற சத்தத்துக்கு யாருக்கா ஓனரு?"

"உங்க ஊட்டு செம்பருத்தி காம்பவுண்டுக்கு வெளிய தொங்குனா, போறவன் வர்றவன்லாம் செடியோட புடுங்கிகினு போவானா?"

"செடி அங்கயேதானக்கா கீது? சார் கொரலு சாராண்டதான கீது?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். எனக்கு ஒரு பதில் இருந்தது. என் குரல் என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி இறங்கி வருகிறவர்கள் இல்லை. இதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "அங்க சொல்லிருக்கணும்," என்றாள். எனக்கு எல்லாப் பதிலும் வீட்டுக்கு வந்துதான் வரும்.

"சரி, இவன் கொரல மட்டும் அதுலேர்ந்து எட்த்துடு," என்றாள் அக்கா.

"எப்டிக்கா முடியும்? நீங்க மாவு ஆட்றவங்கதான. உப்பு போட்டு கரைச்சப்புறம் உப்ப மட்டும் தனியா எடுக்க முடியுமா?"

மாவு விஷயத்தில் அவளை யாரும் இதுவரை மடக்கியது கிடையாது. "முடியாது," என்றாள் அக்கா. "ஆனா கரைக்கறதுக்கு முன்னாடி, யாரு ஊட்டு உப்புன்னு கேட்ருக்கணும்."

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். கடைசியில் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். "வருத்தப்படாதீங்கக்கா. உங்க மாவு வண்டிக்கும் அந்தக் கொரல்லயே புதுசா ஒண்ணு போட்டுத் தரேன். உங்களுக்கு மட்டும் ஃப்ரீ."

என் குரலை எனக்கே இலவசமாகத் தருவதாகச் சொன்ன மனிதரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், நான் பழக்கதோஷத்தில் "தேங்க்ஸ்" என்றேன். அந்தக் கடையில் நான் தெளிவாகப் பேசிய ஒரே சொல் அதுதான். அக்கா வெளியே வந்து என் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

அந்த வாரம்தான் கோயம்புத்தூர் அம்மா இறங்கி வருவதை நிறுத்தினார். என் குரலில் வந்த ஏதோ ஒரு வண்டிக்காக மூன்று மாடி இறங்கியிருக்கிறார். அவர் கேட்டைத் தொடுவதற்குள் அது போய்விட்டது. மறுநாள் பால்கனியில் நின்றபடியே அக்காவிடம் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. அந்தக் குரலு நிக்கிறேன்னு சொல்லுதுங்க, நிக்கறதில்லீங்க. பொய் சொல்ற குரலுக்கு எத்தன தடவதான் நான் எறங்குறது? பையன் கடையில பாக்கெட் வாங்கியாந்துட்டான்."

அக்கா இதை என்னிடம் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மாப் விற்றதைக்கூட மன்னித்திருப்பேன். நான் யாரிடமும் அதிகம் பேசாததால் பொய் சொல்லும் சந்தர்ப்பமும் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. இப்போது ஊரெல்லாம் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கால் கடுக்க நின்று சம்பாதித்த நம்பிக்கையை என் செருமலை வைத்தே கலைத்துக்கொண்டிருந்தார்கள். மாவு இனியும் மீந்தால் கிரைண்டரை விற்றுவிட்டு வீட்டு வேலைக்குப் போகப்போவதாக அவள் மாமாவிடம் பேச ஆரம்பித்திருந்தாள்.

"உன் கொரல்ல பதிவு பண்ணேன்க்கா, சண்டைக் கொரலா இருந்தாலும் பரவால்ல," என்றேன்.

"ஒரு மாசத்துல என் கொரல்ல எவனாவது கொசுவலை வித்துகினு வருவான். பதிவு வேணாம். நேர்ல பேசலாம். நான் வண்டி ஓட்டணும், மாவு அளக்கணும், எனக்கு ரெண்டு கைதான். நீ மைக்க புடி."

நான் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்குக் காலை ஷிப்ட் மூன்றரைக்கு முடிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் டிரம்களுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள். கையில் மைக். முதல் தெருவில் வண்டியை நிறுத்தி, "ம்," என்றாள். நான் மைக்கின் பட்டனை அழுத்தினேன். எதிரே ஒரு வீட்டு வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சு ஸ்பீக்கர் வழியாகப் பெரிதாகித் தெரு முழுவதும் போயிற்று.

"பேசுறா," என்றாள் அக்கா. மைக் அவள் வாய்க்கும் எட்டும் தூரத்தில் இருந்தது. நான் பட்டனை விடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

"வாயில இன்னா கொழக்கட்டையா வெச்சிகினு கீற? ஊரெல்லாம் உன் கொரலு பேசுது, நீ ஏன்டா பேச மாட்ற? அங்க பாரு, அந்தம்மா பால்கனில துணி எட்த்துகினு கீது. கூப்புடு. கூப்புடுறா. கல்யாணத்துல தாலி கட்டும்போதுகூட ஐயர் மூணு தபா கேட்டாரு உன் பேரு இன்னான்னு, பொண்ணுதான் சொல்லிச்சு."

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு பக்கத்து ஜன்னல். செருப்புக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு பெண் வாசலுக்கே வந்து, "அக்கா, மைக்கு ஆன்ல கீது," என்றாள்.

அக்கா என் கையைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குள் நான்கு பேர் வெளியே வந்துவிட்டார்கள், சண்டை பார்க்க. சண்டை பார்க்க வந்தவர்களுக்கு டிரம் கண்ணில் பட்டது. "அட, மாவு வண்டியா? மாப்புன்னு நெனச்சேன்," என்று ஒருவர் டப்பா எடுக்க உள்ளே போனார்.

மூன்றாவது தெருவில்தான் அந்த மூன்று மாடி வீடு. அங்கே நிறுத்தியபோது கோயம்புத்தூர் அம்மா பால்கனியில் இருந்தார். ஸ்பீக்கர் பக்கம் சந்தேகமாகப் பார்த்தார்.

"நெசமாவே ஆளு இருக்குதுங்களா, இல்ல டேப்புங்களா?"

அக்கா என்னைத்தான் பார்த்தாள். நான் மைக்கைப் பிடித்து, "ஆளுதாம்மா," என்றேன். குளியலறைக் கம்பீரம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. "பச்சை டப்பாவ எடுத்துக்குங்க. அதோட மூடி, கதவுக்குப் பின்னாடி தொங்கற பையில இருக்கும்னு போன மாசம் அக்காகிட்ட சொன்னீங்களாமே. கைப்பிடியப் புடிச்சிகினு மெதுவா வாங்க."

அவர் இறங்கி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. கீழே வந்து முதலில் மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இவ்வளவு சன்னமான ஆளுங்களா நீங்க?" என்றார். பிறகு டப்பாவை நீட்டினார்.

அன்று ஒரு டிரம் காலி. அந்த மாதக் கடைசியில் இரண்டும் காலியாக ஆரம்பித்தன. நான் இன்னும் சரளமாகப் பேசுவதில்லை. கண்ணில் படுவதைச் சொல்கிறேன். "மஞ்ச கேட்டுக்காரங்களே, உங்க நாய் வண்டிச் சக்கரத்தை மோந்துகினு கீது, கூப்புட்டுக்குங்க" என்கிறேன். "மழை தூறுது, கொடியில துணி இருக்கு" என்கிறேன். நடுவில் நான் தடுமாறி நின்றால் அக்கா மைக் வழியாகவே என்னைத் திட்டுகிறாள். சில பேர் அதற்காகவே வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாப் வண்டியும் கொசுவலை வண்டியும் இன்னும் என் குரலில்தான் வருகின்றன. அவை வரும்போது ஜனங்கள் டப்பாவைத் தொடுவதில்லை.

போன வாரம் அந்த மொபைல் கடைக்காரர் வந்தார். கையில் தூக்கு, சட்டைப் பையில் போன். எங்கள் பக்கம் வாடகைக்குக் குடிவந்திருக்கிறாராம். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ரெண்டு லிட்டர் குடுங்கக்கா," என்றார்.

"பையில கீற போன ஊட்ல வெச்சிட்டு வா."

"ஐயோ, நான் ஒண்ணும் ரெக்கார்டு பண்ணலக்கா. சும்மாதான் கீது."

"அப்ப சும்மா எங்கிட்ட குடு."

அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். அக்கா அதை ஒரு துணியில் சுற்றி, காலி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு, அளக்கத் தொடங்கினாள். நான் மைக்கை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். அவர் தூக்கு நிரம்பும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்களும் ஏனோ ஒருவர்கூடப் பேசவில்லை. புதிதாக வந்து நின்ற ஒரு பெண், "இன்னாச்சு, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்து அழுத்தி, போன் கிடந்த டிரம்மைக் கண்ணால் காட்டினார்.